தரை டிக்கெட்டின் தீர்ப்பு

புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் ஒரே மனிதனைச் சுற்றியவை. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன், ஆமூர் மல்லனோடு பொருது வென்றவன். முதல் மூன்று பாடல்களைச் சாத்தந்தையார் பாடினார். அடுத்த மூன்றையும் பாடியவர் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர். இவற்றுள் 85ஆம் பாடலை நாம் வகுப்பறையில் கைக்கிளைத் திணைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கடந்து விடுகிறோம். சற்று நின்று பார்த்தால் அது வேறொன்றாகவும் தெரிகிறது. ஒரு சண்டையைப் பார்த்தவர்களின் கருத்துகளைப் பதிவு செய்த பழந்தமிழ்ச் சான்று அது.

பாடலின் செய்தி எளியது. அவனுக்கு இது சொந்த ஊரும் அன்று, சொந்த நாடும் அன்று. ஆகவே மற்போரைக் கண்டவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். வெற்றி அவனுக்கே என்று ஒரு சாரார் சொல்ல, இல்லை என்று மறு சாரார் மறுக்கிறார்கள். நக்கண்ணையார் இரண்டு பேச்சையும் கேட்டபின் வீட்டுக்குள் உட்கார்ந்து தீர்ப்பு எழுதவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடிச் சென்று, வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, தாமே பார்க்கிறார். பார்த்த பிறகே வெற்றி அவனுடையது என்கிறார்.

இந்த ஓட்டம் முக்கியமானது. தமிழில் சண்டைத் திரைப்படங்களைப் பற்றி ஏறத்தாழ நூறாண்டுகளாக எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, ஓடிச் சென்று பாராதவர்கள் எழுதியது. அவர்கள் படத்தைப் பற்றிக்கூட அதிகம் எழுதவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர்களைப் பற்றியே எழுதினார்கள். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஒரு சண்டைப் படத்தைக் கண்டவர் என்ன நினைத்தார் என்பதற்கு நம்மிடம் எழுத்துச் சான்று மிகக் குறைவு. அவரைக் குறித்துப் பிறர் என்ன நினைத்தார்கள் என்பதற்கோ சான்றுகள் குவிந்து கிடக்கின்றன.

*

இந்தக் குவியலின் அடித்தளத்தில் இருப்பது ஓர் அரசாங்க ஆவணம். 1927இல் பிரித்தானிய இந்திய அரசு இந்தியத் திரைப்படக் குழுவை அமைத்தது. தலைவர், சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார். குழு நாடு முழுவதும் சுற்றி முந்நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1928இல் அறிக்கை அளித்தது. அதிகாரிகள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், திரைத்தொழில் முதலாளிகள், சமூகத் தொண்டர்கள் என்று சாட்சிகளின் வரிசை நீளும். படிப்பறிவில்லாதவர்களுக்குச் சாகசத் தொடர்படங்களே பிடிக்கும் என்ற கூற்று அந்தச் சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. எட்டி போலோ, எல்மோ லிங்கன் ஆகியோரின் மௌனப் படங்கள் தென்னிந்தியக் கொட்டகைகளைக் கலக்கிய காலத்தின் எதிரொலி அது. ஆனால் அந்தப் ‘படிப்பறிவில்லாதவர்’ சாட்சிக் கூண்டில் ஏறி, தமக்கு ஏன் பிடித்தது என்று சொல்லும் இடத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

பேசும்படம் வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. 1935இல் பம்பாயின் வாடியா மூவிடோன் வெளியிட்ட ‘ஹண்டர்வாலி’யில் நாடியா சாட்டை சுழற்றினார். 1937இல் தமிழில் ‘மின்னல் கொடி’ வந்தது, கே.டி. ருக்மணி ஆண்வேடமிட்ட கொள்ளைக்காரியாகக் குதிரையேறினார். புராணப் படங்களும் சங்கீதமும் கோலோச்சிய அந்நாளில், இத்தகைய படங்களுக்கு ‘ஸ்டண்ட் படம்’ என்ற பெயர் நிலைத்தது. பெயரிலேயே ஒரு தாழ்வு ஒட்டிக்கொண்டது. வரலாற்றறிஞர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996இல் எழுதிய கட்டுரையொன்றில், சினிமாவை எதிர்கொண்ட தமிழ் மேட்டுக்குடியினரின் தவிப்பை ஆராய்கிறார். அடித்தட்டு மக்களின் கேளிக்கை என்ற இகழ்ச்சி ஒருபுறம். அதை உயர்த்தித் தம் வசமாக்க வேண்டும் என்ற ஆவல் மறுபுறம். சண்டைப் படம் இரண்டாவது ஆவலுக்கும் அகப்படவில்லை. இசையைச் செம்மைப்படுத்தலாம், வசனத்தைத் தூய தமிழாக்கலாம். குத்துச் சண்டையை என்ன செய்வது?

*

இனி எங்கள் பகுதிக்கு வருவோம். திருவண்ணாமலையை வெளியூரார் மலையாலும் தீபத்தாலும் ரமணராலும் அறிவார்கள். 1989 செப்டம்பரில் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்த இம்மாவட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சண்டையைப் பார்த்தும் சொல்லியும் பழகிய நிலம் இது.

செங்கம் பகுதியின் நடுகற்கள் தமிழகத் தொல்லியலில் தனி அத்தியாயம். அவற்றின் வாசகங்களைத் தொகுத்துத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல், இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை வெளியிட்டது. ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ இறந்துபட்ட சாதாரண வீரர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள் இவை. எடுத்தனூரில் உள்ள கல் பலரும் அறிந்தது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்லில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல் சொல்கிறது. சண்டையைக் கண்ட ஊர், யார் எப்படிப் போரிட்டார் என்பதில் எவ்வளவு கவனமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நாயின் பங்கைக்கூட அது விட்டுவிடவில்லை.

கல்லுக்குப் பிறகு களம். செய்யாறு வட்டாரத்துப் புரிசை, தெருக்கூத்தால் உலகறிந்த ஊர். 2003இல் மறைந்த கண்ணப்பத் தம்பிரானின் மரபு அங்கே இன்றும் தொடர்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் பல நாள் நடந்து, பதினெட்டாம் போரில் முடியும். விடிய விடியக் கூத்தைப் பார்த்த சனம் கலையாமல் படுகளத்துக்குப் போகும். தரையில் களிமண்ணாலான மாபெரும் துரியோதனன் படுத்திருப்பான். பீமனும் துரியோதனனும் கதை ஏந்தி அந்த மண்ணுருவத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். தொடை பிளக்கும், பாஞ்சாலி கூந்தல் முடிவாள். முடிவு என்னவென்று அறியாதவர் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. எனினும் பார்ப்பவர்கள் அசைய மாட்டார்கள். யார் வெல்வார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. இந்த ஆண்டுப் பீமன் எப்படி அடித்தான், துரியோதனன் எப்படித் தாக்குப்பிடித்தான் என்பதே பேச்சு. அடவு பிசகினால் கண்டுபிடித்துவிடும் கண்கள் அவை.

இந்தக் கண்களோடுதான் மக்கள் டூரிங் டாக்கீஸுக்குள் நுழைந்தார்கள். கூடாரக் கொட்டகை, மணல் தரை, முன்னால் இருப்பவர் மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி ஏறி உட்காரும் வசதி. தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. ஒற்றைப் புரொஜெக்டர் ஆகையால் ரீல் மாற்ற இடையிடையே விளக்கு எரியும். அந்த இடைவெளிகள் முறுக்கு விற்பதற்கு மட்டும் பயன்படவில்லை. இப்போது முடிந்த சண்டையைப் பற்றிய வாதம் அப்போதுதான் நடக்கும். புறநானூற்றின் இரு சாராரும் மணலில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

*

அந்த வாதத்தின் அளவுகோல்கள் எவை? பழைய பார்வையாளர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவை இன்றும் வந்து விழுகின்றன.

முதல் கேள்வி, “டூப்பா, அவனேவா?” என்பது. இது உடலின் உண்மை பற்றிய கேள்வி. எம்.ஜி.ஆருக்குச் சிலம்பமும் வாள்வீச்சும் தெரியும் என்பது அவருடைய ரசிகர்களுக்கு ஒரு கலைத் தகுதியாக இருந்தது; நடிப்பைப் பற்றிய விவாதமெல்லாம் அதற்குப் பிறகுதான். 1956இல் தேவர் பிலிம்ஸ் ‘தாய்க்குப் பின் தாரம்’ படத்தோடு தொடங்கியபோது, அதன் முதலாளி சாண்டோ சின்னப்பா தேவர் தேகப் பயிற்சியில் ஊறியவர். அவர் எம்.ஜி.ஆரோடு தாமே மோதி நடித்தார். இரு பயிற்சி பெற்ற உடல்கள் எதிரெதிரே நிற்பதைப் பார்வையாளர் அறிந்தே பார்த்தார்.

இரண்டாவது அளவுகோல், எதிரியின் தகுதி. நோஞ்சான் வில்லனை அடிப்பதற்குக் கைதட்டல் கிடையாது. எதிர்த்து நிற்பவனின் வலிமையைச் சொல்லி வென்றவனைப் புகழ்வது புறப்பாடல்களின் வழி. ஆமூர் மல்லனின் மதவலியைச் சொன்ன பிறகே சாத்தந்தையார் கிள்ளியின் வெற்றியைச் சொல்கிறார். கொட்டகை ரசிகர் இதைப் படித்தவரல்லர். ஆனால் அவருடைய நீதியும் அதுவே.

மூன்றாவது, வேகம். 82ஆம் பாடலில் சாத்தந்தையார் சண்டையின் வேகத்தைச் சொல்ல யானையையோ புலியையோ அழைக்கவில்லை. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வானத்தில் மழை, பொழுது சாயும் நேரம். இத்தனைக்கும் நடுவே கட்டிலுக்கு வார் பின்னும் எளிய தொழிலாளியின் கையூசி எவ்வளவு விரையுமோ அவ்வளவு விரைவு என்கிறார். சண்டையை உழைக்கும் கையோடு ஒப்பிடத் துணிந்த அந்தப் புலவர், தரை டிக்கெட்டின் அருகில் உட்காரத் தக்கவர். பகலெல்லாம் கையால் வேலை செய்தவர்கள்தாம் இரவில் திரையில் இன்னொரு கையின் வேகத்தை அளந்தார்கள்.

நான்காவது, காரணம். ஏன் அடிக்கிறான் என்பது நியாயமாக இருக்க வேண்டும். தொல்காப்பியம் பெருமிதம் என்ற மெய்ப்பாட்டுக்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என்று நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. தறுகண்மை தனியாக நிற்பதில்லை. கொடையில்லாத வீரன் ரவுடி. இதை எம்.ஜி.ஆர் படங்களின் பார்வையாளர் எந்த இலக்கணமும் இன்றி அறிந்திருந்தார்.

*

குறைந்த செலவு என்பது இங்கே தற்செயலானதன்று. பெரிய அரங்கமைப்புக்கும் வெளிநாட்டுப் படப்பிடிப்புக்கும் பணம் இல்லாத தயாரிப்பாளரிடம் மிஞ்சுவது மனித உடல் ஒன்றே. தேவர் பிலிம்ஸின் ‘நீலமலைத் திருடன்’ 1957இல் வந்தது. ‘சந்திரலேகா’வில் வாள்வீசிய ரஞ்சன் இதில் முகமூடி வீரன். துணைக்குக் குதிரையும் நாயும். எடுத்தனூர்க் கோவிவனுக்கும் இந்த நாய்க்கும் மரபுத் தொடர்ச்சி காட்டும் ஆசை நமக்கில்லை. ஆனால் நாயின் வீரத்தையும் பெயர் சொல்லிப் பாராட்டும் ஊருக்கு இந்தப் படம் அந்நியமாக இருந்திராது.

அடுத்த பத்தாண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ (இரண்டும் 1966) என்று துப்பறியும் சண்டைப் படங்களைத் தந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒளிப்பதிவாளர் கர்ணன் ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) என்று கௌபாய்களைத் தமிழ் நிலத்தில் குதிரையேற்றினார். விமர்சகர்கள் இவற்றின் தர்க்கத்தைக் கேட்டார்கள். தொப்பியும் துப்பாக்கியும் தமிழ்நாட்டில் ஏது என்றார்கள். பார்வையாளருக்கு இந்தக் கேள்வி எழாமல் இல்லை. ஆனால் புழுதியில் குதிரை உண்மையாகவே விழுந்து எழுந்தது என்பதில் அவர் நிறைவடைந்தார். கூத்தில் கட்டைக் கிரீடத்தை ஏற்றுக்கொண்டவருக்குத் தொப்பி ஒரு பொருட்டன்று.

பிறகு கராத்தே வந்தது. புரூஸ் லீயின் ‘த பிக் பாஸ்’ 1971இல் சுமார் ஒரு லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட படம். ‘என்டர் த டிராகன்’ 1973 ஆகஸ்டில் வெளியானபோது அவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சிறிய உடல், பெரிய எதிரி, வெறும் கை. உலகெங்கும் ஏழை இளைஞர்கள் இதில் தம்மைக் கண்டார்கள். தமிழ்நாட்டின் சிறுநகர்களும் விலக்கன்று. ஆந்திரத்துச் சிறிய அரங்குகளில் ஹாங்காங் சண்டைப் படங்கள் உலவிய விதத்தை எஸ்.வி. ஸ்ரீனிவாஸ் ஆராய்ந்து 2003இல் எழுதிய கட்டுரை, இந்த வரலாற்றுக்கு நல்ல நுழைவாயில். ஷா பிரதர்ஸின் ‘36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ 1978இல் வந்தது. அதன் பாதிப்பை 1983இல் ஏவி.எம்மின் ‘பாயும் புலி’யில் காணலாம். இந்தப் படங்களில் சண்டைக்கு நிகராக ரசிக்கப்பட்டது பயிற்சிக் காட்சி. தண்ணீர் சுமந்து, விழுந்து, அடிபட்டு, மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும் மாணவன். பிறப்பால் வராத, உழைப்பால் மட்டும் வரும் ஒரு தகுதி. சாதி எழுதிய ஊர்களில் இந்தக் காட்சிக்கு இருந்த கவர்ச்சியை நம் திரை விமர்சனம் இன்னும் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

இடையில் ஒரு பெருமிதமும் சேர்ந்துகொண்டது. காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மரே சீனர்க்குச் சண்டைக்கலை கற்பித்தார் என்ற கதை 2011இல் ‘7ஆம் அறிவு’ வழியே வீடுதோறும் சென்றது. போதிதர்மரைச் சண்டைக்கலையோடு இணைக்கும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை. ஆயினும் பார்த்த படத்தை ‘நம்முடையது’ என்று சொல்லிக்கொள்ளும் விருப்பம் ஒரு பார்வையாளர் கருத்துதான். தாய்லாந்தின் ‘ஓங் பாக்’ (2003), இந்தோனேசியாவின் ‘த ரெய்டு’ (2011) ஆகிய சிறு முதலீட்டுப் படங்களும் தத்தம் மண்ணின் சண்டைக்கலையை முன்வைத்தே உலகை ஈர்த்தன. கயிறும் கணினியும் இல்லை என்பதே ‘ஓங் பாக்’கின் விளம்பரம். “டூப்பா, அவனேவா?” என்ற மணல்தரைக் கேள்விக்குப் பாங்காக்கிலிருந்து வந்த பதில் அது.

*

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இகழ்ச்சிக்கு மாற்று வழிபாடு ஆகாது. இந்தப் படங்களில் பெரும்பாலானவை சோம்பலாக எழுதப்பட்டவை. பெண் கடத்தப்படுவதற்கும் மீட்கப்படுவதற்கும் மட்டுமே இருந்தாள். ருக்மணியும் நாடியாவும் ஏறிய குதிரையை அடுத்த தலைமுறை நாயகிகளுக்கு யாரும் தரவில்லை. திரைக்கு வெளியே ரசிகர்களின் மோதல் எப்போதும் விளையாட்டாக முடியவில்லை. தரை டிக்கெட்டின் தீர்ப்பு எல்லாவற்றிலும் சரியானது என்று நாம் வாதிடவில்லை. அதற்கு அளவுகோல்கள் இருந்தன, அவை தமிழ் மரபின் அளவுகோல்களோடு உறவுடையவை என்பதே நம் வாதம்.

அந்தத் தீர்ப்பு முந்திக்கொண்ட இடமும் ஒன்றுண்டு. குடியாத்தத்தைச் சேர்ந்த ஜூடோ கே.கே. ரத்னம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் சண்டை அமைத்தவர். 2023 ஜனவரியில் 92ஆம் வயதில் மறைந்தார். எழுத்துப் போடும்போது அவர் பெயருக்கு விசில் அடித்த கூட்டம் அரைநூற்றாண்டுக்கு முன்பே சண்டை அமைப்பு ஒரு கலை என்று ஒப்புக்கொண்டுவிட்டது. தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்புக்கு இடம் கிடைத்தது 2017இல்தான். முதல் விருதை ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் பெற்றார். ஆஸ்கார் கழகம் இத்துறைக்கு விருது அறிவித்தது 2025 ஏப்ரலில். 2027இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் அது நடைமுறைக்கு வரும்.

அதே 2025 ஜூலையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த படப்பிடிப்பில் கார் பாயும் காட்சியில் ஈடுபட்ட மோகன்ராஜ் என்னும் சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். “அவனேவா?” என்ற கேள்வியின் விலை என்னவென்று அந்தச் செய்தி சொல்லிற்று. உண்மையான உடலைக் கேட்கும் ரசனை, அந்த உடலின் பெயரையும் பாதுகாப்பையும் கேட்க வேண்டிய ரசனை. செங்கத்து ஊரார் விழுந்தவனின் பெயரைக் கல்லில் எழுதினார்கள். நம் திரைப்பட வரலாறுகளில் நாயகனுக்காக விழுந்தவர்களின் பெயர்ப்பட்டியல் எங்கே இருக்கிறது?

கூடாரக் கொட்டகைகள் மறைந்துவிட்டன. அவற்றில் படம் ஓட்டியவர்களும், மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களும் முதுமையில் இருக்கிறார்கள். எந்தச் சண்டை, எந்த ஊர்க் கொட்டகை, எதற்காகக் கைதட்டினார்கள், எதற்காகக் கூச்சலிட்டார்கள் என்பதையெல்லாம் அவர்களால் இன்றும் சொல்ல முடியும். பெட்டியடியில் மடித்து வைத்த பிட் நோட்டீசுகள் சில வீடுகளில் கிடைக்கக்கூடும். தமிழ்த்துறைகள் ஆண்டுதோறும் மாணவர்களை நாட்டுப்புறப் பாடல் சேகரிக்க அனுப்புகின்றன. அதே மாணவர்கள் அதே திண்ணையில் இந்தக் கேள்வியையும் கேட்டு எழுதி வரலாம். இருவகைப் பேச்சையும் எழுதி வைத்தது நக்கண்ணையார் நமக்குச் செய்த உதவி. அதைச் செய்ய இன்னும் பத்து ஆண்டு கழிந்தால், கேட்பதற்கு நாம் இருப்போம். சொல்வதற்கு அவர்கள் இருக்க மாட்டார்கள்.